“என்ஜினை இறக்கவேண்டும்” என்றால் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்: மொரிஸ் மைனருக்கு மெக்கானிக் தேடுவது எப்படி?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் நிற்பது 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 கார், 948 சிசி என்ஜின். கதவுத் தூணிலிருந்து கை நீட்டும் பழைய சிக்னல் இன்னமும் வேலை செய்கிறது. “இந்த வண்டிக்கு எங்கே மெக்கானிக் பிடிக்கிறீர்கள்?” என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

உதிரிப்பாகம் பெரிய தலையிடி இல்லை. 1948இலிருந்து 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி இது. அதன் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கை தெரிந்த ஆள் கிடைப்பதுதான் அருமை.

இந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சடங்கி நின்றுவிடும். சற்றுப் பொறுத்தால் தானாகக் கிளம்பும். ஒரு கராஜில் போனட்டைத் திறந்த கையோடு “என்ஜினை இறக்கவேண்டும் தம்பி” என்றார்கள். இறக்கி எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். “இறக்கினால்தான் தெரியும்” என்று பதில் வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நண்பர் ஒருவர் வயதான ஒரு ஐயாவிடம் அனுப்பினார். தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் சொல்லவில்லை. அவர் போனட்டைத் தொடவே இல்லை. “நின்ற பிறகு பம்ப் சத்தம் கேட்டதா?” என்றுதான் முதலில் கேட்டார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வண்டி நிற்கும்வரை ஓட்டச் சொன்னார். நின்றதும், “ஸ்டார்ட் செய்யாதே, சாவியை மட்டும் திருப்பு” என்றார். இந்த வண்டியின் எஸ்.யூ. கம்பனி பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பினால் டிக், டிக், டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்கவேண்டும். அன்று ஒரு சத்தமும் இல்லை. ஸ்பனரின் பிடியால் பம்பின் பக்கத்தில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். டிக், டிக் என்று உயிர் வந்தது. “உள்ளே பொயின்ற் கரிந்துபோய்விட்டது. என்ஜினில் ஒரு பழுதும் இல்லை” என்றார். பொயின்ற் என்பது பம்புக்குள் மின்சாரத்தைத் தொட்டு விடும் முனை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்தது. கழற்றிய பழைய பொயின்ற்றையும் என் கையில் தந்தார்.

இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் இங்கே பெற்றோல் கிடைக்காத காலத்தில், ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு என்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பிளக்கில் கரி பிடிக்கும், என்ஜின் ஒயிலில் மண்ணெண்ணெய் இறங்கும். அதையெல்லாம் துடைத்துத் துடைத்து வண்டியை ஓடவைத்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. ஆகவே பெரிய பெயர்ப்பலகையைத் தேடி அலையாதீர்கள். அந்தக் காலத்தில் வாடகைக்கார் ஓட்டியவர்களை விசாரியுங்கள். யாரிடம் வேலை செய்வித்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆளைக் கண்டுபிடித்த பிறகு, அவர் எந்த ஸ்பனரை எடுக்கிறார் என்று கவனியுங்கள். இந்த வண்டியின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர். அதில் 13ஆம் நம்பர், அதாவது 13 மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டால் பிடிப்பதுபோலத்தான் தெரியும். இறுகிய நட்டில் அழுத்தினால் மூலைகள் மழுங்கிவிடும். பற்றரியைக் கழற்றும்போதும் பாருங்கள். இதில் பாடியோடு சேர்வது பிளஸ் முனை, இப்போதைய வண்டிகளைப்போல மைனஸ் அல்ல. பழகியவர் அதைப் பார்த்தபிறகே கை வைப்பார்.

ஒரு கேள்வியும் கேளுங்கள்: “பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மாற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்?” பிரேக்கை மிதித்தால் சக்கரங்களுக்கு பிரேக் ஒயிலைத் தள்ளும் பாகம் அது. சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சேசிஸுக்குள் இருக்கிறது. அதன் போல்ட்டை உருவவிடாமல், முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீளக் கம்பியான டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் அதை ஒருநாளும் கழற்றியதில்லை. பெருமூச்சு விட்டு, “முதலில் டோர்ஷன் பாரை நகர்த்தவேண்டுமே” என்பவரை விட்டுவிடாதீர்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள் என்பது என் கருத்து.

எடுத்த எடுப்பில் முழு வண்டியையும் ஒப்படைக்கவேண்டாம். வால்வ் இடைவெளி சரிசெய்வதுபோல ஒரு சின்ன வேலை கொடுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம் வைக்கவேண்டும். “இரவு வண்டியை விட்டுவிட்டுப் போ, காலையில் பார்க்கிறேன்” என்று சொன்னால் அவருக்கு வேலை தெரியும்.

அடுத்த வாரம் ஐயாவிடம் முன் சக்கரத்தின் ட்ரனியனை, அதாவது சக்கரம் திரும்புவதற்கான மரையுள்ள மூட்டைக் காட்டப்போகிறேன். கிறீஸ் இல்லாமல் அதன் மரை தேய்ந்தால் ஓட்டத்திலேயே சக்கரம் மடிந்துவிடும், விளையாட்டில்லை. கமராவோடு வர அனுமதி தந்திருக்கிறார், முகத்தை மட்டும் காட்டக்கூடாதாம். கைகளைக் காட்டுகிறேன்.