காத்ததும் காத்திருந்ததும்

(தேய்பிறை அஷ்டமி மாலையில் பைரவர் சந்நிதி முன்பு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, வணக்கம்.

பைரவரைக் கும்பிட்ட கையோடு, அவர் பின்னால் நிற்கும் வாகனமான நாயையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அதே உயிர் நம் வீட்டில் ஒரு பிள்ளையாக வளரும்போது என்ன கற்றுத் தருகிறது, நாம் அதற்கு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தையைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனோடு ஒரு நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துக் ‘காத்திருந்தவாறு’ என்று அந்த நாயைப் பற்றிய வரி முடிகிறது.

இந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். காவல் காத்தது என்றும் கொள்ளலாம், விட்டுப் போகாமல் அங்கேயே இருந்தது என்றும் கொள்ளலாம். காத்தலும் காத்திருத்தலும் தமிழில் ஒரே வினையிலிருந்து வந்தவை. பக்தி என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான் என்பது என் துணிபு. நாய்க்கு இது இயல்பாக வருகிறது. நமக்கோ பழகித்தான் வர வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் நாய் வளர்க்கும் வீட்டில் எப்படி வருகிறது என்று சொல்கிறேன்.

குட்டியை எட்டு வாரம் முடியும் முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கூடப் பிறந்தவற்றோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. கொஞ்சம் அழுத்திவிட்டால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். நாலு வாரத்தில் தூக்கி வந்த குட்டிக்கு இந்தப் பாடமே கிடைப்பதில்லை. பிறகு குழந்தையின் கையைக் கடிக்கிறது என்று அதன் மேல் பழி போடுகிறோம்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி அழும். மாடிப்படிக்குக் கீழே தனியாகக் கட்டிப் போட்டால் விடிய விடிய அழும். ஒரு அட்டைப்பெட்டியில், தாயோடு கிடந்த பழைய துணியைப் போட்டுப் படுக்க வைத்து, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழுதால் கையை உள்ளே விட்டால் போதும். மூன்று நாலு நாளில் அடங்கிவிடும். ‘இங்கே ஆள் இருக்கிறது’ என்பதுதான் அது படிக்கிற முதல் பாடம்.

அடுத்தது வெளியே போகப் பழக்குவது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பதினைந்து இருபது நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் குட்டியைத் தூக்கி ஒரே இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். அங்கே போனால் அந்த நொடியே பாராட்ட வேண்டும். மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அதற்கு மேல் தாமதித்தால் தவறு நம்முடையது. வீட்டுக்குள் போய்விட்டால் சிலர் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கிறார்கள். அதனால் குட்டிக்கு ‘இங்கே போகக் கூடாது’ என்று புரிவதில்லை, ‘இந்த ஆள் கண்ணில் படும்படி போகக் கூடாது’ என்றுதான் புரிகிறது. அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும், பீரோவுக்கு அடியில் போகும். பயத்தால் வளர்த்த ஒழுக்கம் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. பிள்ளைகளிடம் ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொல்லி வளர்க்கும்போது நாம் செய்வதும் இதையேதான்.

இன்னொன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தபின் அடிக்கவே கூடாது. செருப்பைக் கடித்தது காலையில், நீங்கள் பார்த்தது சாயங்காலம். கூப்பிடுகிறீர்கள், வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது, அடி விழுகிறது. அதன் கணக்கில் அந்த அடி செருப்புக்கு விழுந்தது அல்ல, கூப்பிட்டதும் வந்ததற்கு விழுந்தது. இரண்டு முறை இப்படி நடந்தால், நாளை ரோட்டில் லாரி வரும்போது நீங்கள் கத்தினாலும் அது வராது. ‘தப்பு செய்தது அதற்குத் தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்’ என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். நாய் உண்மையில் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த முகம் வரவில்லை. எஜமானர் திட்டினால் வந்தது. ஒரு தவறும் செய்யாத நாயும் அதே முகத்தைக் காட்டியது. குற்ற உணர்ச்சி என்று நாம் படித்ததெல்லாம் பயம்.

மகாபாரதம் ஆதி பருவத்திலேயே இப்படி ஓர் அடி விழுகிறது. ஜனமேஜயனின் வேள்விக்கு வந்த குட்டியை அவன் தம்பிமார் அடித்து விரட்டுகிறார்கள். தாய் சரமா வந்து கேட்கிறது: என் பிள்ளை வேள்வி உணவான அவிசைப் பார்க்கவுமில்லை, நக்கவுமில்லை, ஏன் அடித்தீர்கள்? பதில் இல்லை. எதிர்பாராத அச்சம் உன்னை வந்தடையும் என்று அரசன் சாபம் வாங்குகிறான். அவ்வளவு பெரிய காவியம் தன் வாசலிலேயே ஒரு நாயின் நியாயத்தைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறது.

நாலடியார் இதன் மறுபக்கத்தைச் சொல்கிறது. யானை பழகிய பாகனையே கொல்லும். நாயோ ‘எறிந்தவேல் மெய்யதா வால்குழைக்கும்’. எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதே வாலைக் குழைக்கிறதாம். நம்மால் ஆகிற பொறுமையா இது? மாணிக்கவாசகர் தம்மை ‘நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு’ என்று சொன்னதை வெறும் பணிவு என்று கடந்து போகிறோம். நாய்க்குத் தன் தலைவன் யார் என்று தெரியும், எனக்கு அதுகூடத் தெரியவில்லையே என்ற ஏக்கம் அந்த வரியில் எனக்குக் கேட்கிறது.

இப்போது நாயை நாம் காக்க வேண்டிய காவலுக்கு வருகிறேன். இங்கேதான் அன்பு அதிகமாகவும் கவனம் குறைவாகவும் இருக்கிறது.

குட்டிகளைக் கொல்வதில் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கு ஈடில்லை. வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல், இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். ‘ஊசி போட்டோமே’ என்று அழுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஊசியோடு நிறுத்தியவர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை அதுவே தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் முடியும் வரை போட வேண்டும். முழுதும் முடியும் வரை தெருமண்ணில் விடாதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். பார்வோவில் ஒரு குட்டி போன வீட்டுக்கு, தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கடி பட்டால், நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் தோலில் ஊசி போடுவார்கள். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். மந்திரிக்க வேண்டுமானால் இதெல்லாம் முடித்துவிட்டு வந்து மந்திரியுங்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை.

உணவு. வெறும் தயிர்சாதம் நாய்க்குப் போதாது, புரதம் வேண்டும். அவித்த முட்டையோ எலும்பு எடுத்த கோழியோ சேருங்கள். வெந்த எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் கிழிக்கும். கோயிலில் நிற்கும் உங்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்துப் போடுகிறோமே, அந்த உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த அளவு எந்த நாயைக் கொல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும், சாக்லேட் இதயத்தை. பிரசாதம் என்று பாசத்தோடு நீட்டுவதற்கு முன் திராட்சையைப் பொறுக்கி எடுங்கள், அல்லது கொடுக்காமல் விடுங்கள். அஷ்டமிதோறும் தெருநாய்களுக்குக் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டுகளைப் பிரித்துப் போடுவதைவிட, உப்பில்லாத முட்டைச் சோறும் ஒரு சட்டி தண்ணீரும் வைத்தால் பைரவர் மனம் குளிரும்.

மாலையில் ஐந்து நிமிடம் உண்ணி பாருங்கள். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவாதீர்கள். சாப்பிடாமல் படுத்திருந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஸ் நிறமாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க முடியாது. நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். விளக்கேற்றுகிற நேரத்தில் இதையும் ஒரு நித்திய பூஜையாக வைத்துக்கொள்ளுங்கள். மறக்காமல் நடக்கும்.

காத்திருந்த நாய் என்றால் உலகம் ஹச்சிகோவைச் சொல்லும். டோக்கியோவில் ஷிபுயா ரயில் நிலையம். எஜமானர், பேராசிரியர் உவெனோ, 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். அந்த நாய் 1935 மார்ச்சில் சாகும் வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல், ரயில் வரும் நேரத்துக்கு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது அவரோடு வாழ்ந்தது ஒன்றரை வருடம்கூட இல்லை. அந்தக் குறுகிய காலத்தில் பெற்ற அன்பு அதற்கு ஒன்பது வருடத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. கேட்டது நடக்கவில்லை என்று மூன்றாம் வாரமே கோயிலை மாற்றுகிற நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக முதுமை. பத்து வயதுக்கு மேல் கண்ணில் நீலம் பூக்கும், பின்னங்கால் தளரும். டைல்ஸ் தரையில் சறுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும்; அது நடக்கும் வழியெல்லாம் கோணிச் சாக்கோ மிதியடியோ விரியுங்கள். வலிக்கிறதே என்று நமக்குப் போடும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் புரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயைக் கொன்றிருக்கின்றன. வீட்டுக்குள் ஒன்றுக்குப் போய்விட்டால் அது வயது, அடம் இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் சிலர் வீடு மாறும்போது நாயை எங்கோ இறக்கிவிட்டுப் போகிறார்கள். தருமபுத்திரனை நினைத்துப் பாருங்கள். சொர்க்கம் நோக்கி நடந்த கடைசிப் பயணத்தில் திரௌபதி விழுந்தாள், சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியில் கூட வந்தது ஒரு நாய் மட்டும். இந்திரன் தேரோடு வந்து, நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை, விட்டுவிட்டு ஏறு என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட்டுக் கிடைக்கிற சொர்க்கம் வேண்டாம் என்று அவர் நின்றுவிடுகிறார். அது தருமதேவதை என்று அப்போது அவருக்குத் தெரியாது. அவர் வரைக்கும் அது நாய்தான்.

நோய் தீராது, வேதனை மட்டும்தான் மிச்சம் என்று டாக்டர் சொன்னால், ஊசி போட்டு அனுப்பிவைக்கும் முடிவை எடுக்க வேண்டி வரலாம். முதலில் மயக்க மருந்து, பிறகு அளவு கூட்டிய மருந்து. தூக்கத்திலேயே மூச்சு நிற்கும். பார்க்கத் தாங்காது என்று வெளியே போய்விடாதீர்கள். மயங்கும் வரை அதன் கண் உங்களைத்தான் தேடும். தலையை மடியில் வைத்து, பெயரைச் சொல்லிக்கொண்டே இருங்கள். அடக்கம் செய்தால் நாலடி ஆழம் தோண்டுங்கள், கிணற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆழம் குறைந்தால் மற்ற நாய்கள் தோண்டிவிடும். பிள்ளைகளிடம் ‘ஓடிப்போச்சு’ என்று பொய் சொல்லாதீர்கள். நாய் திரும்பி வரும் என்று அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். செத்துப்போய்விட்டது என்றே சொல்லுங்கள், கூட அழட்டும். மேலே ஒரு கல் வைத்து, பிள்ளைகள் கையாலேயே பெயரை எழுதச் சொல்லுங்கள். எடுத்தனூரில் ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர், வீரனின் பெயரைச் சொல்லி முடித்தபின், கல்தச்சனை நிறுத்தி, நாயின் பெயரையும் சொல்லியிருக்கிறார்.