கம்பளையில் இறங்கிய பலூன்

வணக்கம் நேயர்களே. கொழும்பில் குந்தியிருந்துகொண்டு மலையக இணையத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இணையத்தைக் கொண்டுவரும் கடலடிக் கேபிள்கள் கல்கிசையிலும் கொழும்பிலும் கரையேறுகின்றன. அவ்வளவு கடலைத் தாண்டி வந்த இணையம், தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயத்தின் வாசலுக்குப் போகத்தான் திணறுகிறது.

காரணம் மலைதான். டவரிலிருந்து வரும் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். முகட்டுக்கு இந்தப் பக்கம் டவர் நின்றால், மறுபக்கப் பள்ளத்தில் ஒன்றும் விழாது. முற்றத்தில் இரண்டு கோடு காட்டும் போன், அடுப்படிக்குள் செத்துப்போவது உங்களுக்குத் தெரியாததா? 2021இல் பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்காகக் காட்டுப் பாதையில் நடந்து மலை உச்சிப் பாறைக்கு ஏறினார்கள். மலைதான் காரணம் என்றேனே, அதே மலையில் ஏறினால்தான் சிக்னலும்!

இன்னொரு டவர் போடலாமே என்பீர்கள். பாதை வேண்டும், கரண்ட் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். கீழே இருப்பதோ நாலு லயம். கம்பனி கணக்குப் பார்க்கும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கதையைச் சொல்லாமல் போகமாட்டேன். மலையகத்தில் கொத்மலை சமூக வானொலி, 1989இல் தொடங்கியது. 1998இல் யுனெஸ்கோ உதவியுடன் அங்கே இணையம் வந்தது. ஊரில் அநேகரிடம் கணினி இல்லை. என்ன செய்தார்கள்? நேயர் கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் இணையத்தில் தேடிப் பிடித்து, விஷயம் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் இருத்தி, ஊர்ப் பேச்சில் விளக்குவார். ஒரே இணைப்பு, கேட்பதோ ஊர் முழுக்க! கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களுக்கும் இணைப்புக் கொடுத்தார்கள். கேபிள் வீட்டுக்கு வரும்வரை ஊர் காத்துக்கிடக்கவில்லை, அதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

அதே கம்பளையில் 2016 பெப்ரவரியில் கூகுளின் இணையப் பலூன் ஒன்று தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியது. இருபது கிலோமீட்டர் உயரத்திலிருந்து நாடு முழுக்க இணையம் தரும் என்றார்கள். 2021இல் கூகுளின் தாய்க் கம்பனி அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. பலூனுக்குக் கொடுத்த விளம்பரத்தில் பாதியை நூலகத்துக்குக் கொடுத்திருக்கலாம், என் எரிச்சல் அது.

கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி நேரமாகிறது என்று கையைக் காட்டுகிறார். செய்மதி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இங்கே வந்துவிட்டது. சில நூறு கிலோமீட்டர் மேலே சுற்றுகிற செய்மதிகள். வானம் திறந்திருந்தால் பள்ளத்துக்கும் எட்டும். மாதச் சந்தா தனிக் குடும்பத்துக்குக் கட்டாது. தோட்டப் பாடசாலைக்கு சிக்னல் பிடிக்கும் தட்டு ஒன்றை வைத்து, பின்னேரத்தில் ஊருக்கும் திறந்துவிட்டால் கட்டும். பில்லை யார் கட்டுவது என்பதை அடுத்த முறை கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.