உங்கள் நிழலை அளந்து பாருங்கள்

(சென்னையில் நடைப்பயிற்சி அன்பர்கள் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். "டாக்டர், விடியற்காலை ஐந்தரைக்கே பீச்சுக்குப் போய்விடுகிறேன். எனக்குப் போய் வைட்டமின் டி குறைவா?" ரிப்போர்ட்டை மேஜையில் போட்டுவிட்டு இப்படிக் கோபப்படுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். நீங்கள் நடந்தது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. வைட்டமின் டி கணக்கில் மட்டும் அது வராது.

நம் தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள்மீது புற ஊதா பி கதிர் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகத் தொடங்கும். அதைக் கல்லீரலும் சிறுநீரகமும் பக்குவப்படுத்திக் கொடுத்தால்தான் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது கதிர்கள் சாய்வாக நெடுந்தூரம் வருவதால், அந்தப் பி கதிரை வழியிலேயே ஓசோன் விழுங்கிவிடுகிறது. இளவெயில் இதமாக இருக்கும், ஆனால் டி தராது!

நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையானால் சூரியன் போதிய உயரத்துக்கு வந்துவிட்டது, வெயில் காய அதுதான் நல்ல நேரம். சென்னையில் மே மாதம் ஒன்பது, ஒன்பதரைக்கே குட்டையாகிவிடும். கத்திரி வெயிலில் உச்சிப் பொழுதில் நிற்க வேண்டியதில்லை. மார்கழியில் பத்தரை ஆகிவிடும். கையும் காலும் வெயிலில் பட, கால் மணியிலிருந்து அரை மணி நேரம், வாரத்தில் சில நாள் போதும். மாநிறமும் கறுப்புமான நம் தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பயனில்லை. கண்ணாடி பி கதிரை விடாது. வெயில் ஆகாத தோல்நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், எலும்பு உறுதியிழந்து வளையும் ரிக்கெட்ஸ் நோய் வந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியில் வைத்துக் குணமாக்கினார். ஒரு கைக்கு மட்டும் ஒளி காட்டினால் மறு கையின் எலும்பும் தேறியது. தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வெயிலில் அதிகம் நின்றாலும் டி அளவு மீறாது. மிஞ்சியதைத் தோலே வேறு பொருளாக மாற்றிவிடும். மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையையும், பாலில் கலக்கும் பொட்டலத்தையும் பொதுவாக வாரத்துக்கு ஒன்று என்றுதான் எழுதித் தருகிறோம். சிலர் தினம் ஒன்றாக விழுங்குகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு என்று வருகிறது. வீட்டுக்குப் போனதும் அட்டையை எடுத்துப் பாருங்கள். 60,000 என்று போட்டிருந்து, தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, நாளைக் காலையில் கால்சியம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள்.