படத்தில் இல்லாத குதிரை

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணியினரே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

‘சினிமாவின் சுகம் படம் பார்ப்பதிலா, பார்த்த படத்தைப் பேசுவதிலா?’ இதுதான் தலைப்பு. பேசுவதிலேதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், உனக்கு எந்த அணி வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான் வந்தபோது காலியாக இருந்த நாற்காலி இதுதான். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் பிறந்து வளர்ந்ததே இந்த நாற்காலியில்தான் என்று.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். “படம் பார்ப்பது சாப்பாடு. பார்த்துவிட்டுப் பேசுவது ஏப்பம். சாப்பாட்டில் சுகமா, ஏப்பத்தில் சுகமா?” நீங்களும் கைதட்டினீர்கள், நான் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். ஐயா, உங்களை ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

அந்த ஏப்பத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் என் பெரியப்பாவுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் சிறுசுகள் ஐந்து பேர். படத்துக்கு ஐந்து பேரையும் கூட்டிப்போக முடியாது. ஒருவரைக் கூட்டிப்போனால் மீதி நான்கு பேர் அழுவோம். பெரியப்பா நியாயஸ்தர். அதனால் யாரையும் கூட்டிப்போகாமல் தனியாகவே போய்வருவார்.

இரவு ஆட்டம் முடிந்து அவர் வரும்வரை ஐந்து பேரும் தூங்காமல் படுத்திருப்போம். வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பார். அதற்குள் நாங்கள் எழுந்து வட்டமாக உட்கார்ந்திருப்போம். “இருட்டு...” என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், எங்களுக்கு விளக்கு அணைந்துவிடும். எழுத்துப் போடும்போது வரும் இசையைக்கூட விடமாட்டார், வாயாலேயே வாசிப்பார். சண்டைக் காட்சிக்குத் தலையணை. அடி வாங்குவது எப்போதும் என் தம்பி.

ஒரு படம். வில்லன் பாலத்தின் நடுவில் நிற்கிறான். கதாநாயகன் கை இரண்டும் கட்டியிருக்கிறது. கீழே ஆறு. இனி அவ்வளவுதான் என்கிறபோது பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த மரப்பெட்டியில் விரலால் தட்டினார். டக்டக்... டக்டக்... “தூரத்துல ஒரு வெள்ளைக் குதிரைடா!”

நடுவர் அவர்களே, அந்தக் குதிரை வந்து கயிற்றைக் கடித்து, வில்லனை ஓர் உதை உதைத்து ஆற்றில் தள்ளியது. மறுநாளும் அதே கதையைக் கேட்டோம். அன்றைக்குக் குதிரை கொஞ்சம் முன்னாலேயே வந்தது. மூன்றாம் நாள் கேட்டால், அது கதாநாயகன் சின்ன வயதில் வளர்த்துத் தொலைத்த குட்டி. நான்காம் நாள் குதிரைக்கு ஓர் அம்மா வந்துவிட்டது! ஐந்தாம் நாள் அம்மாக் குதிரை செத்ததற்கு நாங்கள் அழுதோம். வில்லன் சும்மாவே பாலத்தில் நின்றுகொண்டிருந்தான்.

பல வருஷம் கழித்து அந்தப் படத்தை மறுபடி வெளியிட்டார்கள். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். பாலம் வந்தது. வில்லன் நின்றான். கை கட்டியிருந்தது. நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். குதிரை வரவில்லை. ஜீப் வந்தது.

ஜீப்!

படம் முடிந்து, எழுத்தெல்லாம் ஓடி, விளக்குப் போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தேன், குதிரைக்கு ஏதாவது தாமதமோ என்று. பெருக்க வந்தவர் காலைத் தூக்கச் சொன்னார். நேராகப் பெரியப்பாவிடம் போய், “குதிரையே இல்லையே பெரியப்பா?” என்றேன். மனிதர் அசரவில்லை. “உனக்கு எந்தப் பிரிண்ட்டைக் காட்டினானோ!” என்றார்.

உள்ளேயிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்: “இடைவேளைக்கு அப்புறம் உங்க பெரியப்பா என்னைக்குடா முழிச்சிருந்தார்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் கேட்ட இரண்டாம் பாதியெல்லாம் அவர் சொந்தமாக எடுத்தவை. ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் இழுவை’ என்று விமர்சனம் சொல்லும் அன்பர்களே, எங்கள் பெரியப்பாவின் ஒரு படத்தில்கூட இரண்டாம் பாதி இழுத்ததே இல்லை. ஜீப் வந்த படத்தை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. குதிரை வந்த படத்தை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கே இல்லை. தீர்ப்பை இப்போதே சொல்லிவிடலாம், ஆனால் நடுவர் இன்னும் அண்ணனைப் பார்த்தே தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

சரி, ஏப்பத்துக்கு வருகிறேன்.

அண்ணன் ஏப்பத்தைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டார். நம் ஆட்கள் ஏப்பத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: பசியேப்பம், புளியேப்பம். பசியேப்பக்காரன் யார்? படமே பார்க்காமல் பேசுகிறவன். ட்ரெய்லரை மட்டும் பார்த்திருப்பான். “கதையில டெப்த் இல்ல ப்ரோ” என்பான். ரெண்டு நிமிஷ ட்ரெய்லரில் கிணறா வெட்டுவார்கள்? புளியேப்பக்காரன் வேறு ரகம். சனி ஞாயிறில் ஓடிடியில் நான்கு படத்தை வரிசையாகப் போட்டுத் தள்ளியவன். திங்கட்கிழமை அவனிடம் கதை கேட்டால், முதல் படத்து வில்லனுக்கு மூன்றாம் படத்துத் தங்கையைக் கட்டிவைத்திருப்பான். இந்த இருவரையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இவர்களோடு பேசிக்கொண்டிருப்பது பல படங்களைவிட நன்றாக இருக்கிறது, என்ன செய்ய?

அண்ணே, ஏப்பம் வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? வயிறு கல் மாதிரி ஆகிவிடும். நல்ல படம் ஒன்றைத் தனியாகப் பார்த்துவிட்டு, பேச ஆளில்லாமல் வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா? கைப்பேசியை எடுத்துப் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்போம். “படம் பார்த்தாச்சா?” என்று ஒருவருக்குச் செய்தி அனுப்புவோம். “இல்லடா, ஸ்பாய்லர் சொல்லிராத” என்று பதில் வரும். அந்த ராத்திரிக்குத் தூக்கம் கிடையாது.

இன்னொன்று. பார்ப்பதுதான் சுகம் என்று வாதாட வந்த அண்ணன், மணி அடித்த பிறகும் 4 நிமிஷம் பேசினார். அவர் கட்சிப்படி பேசாமல் நின்று நம்மைப் பார்த்துவிட்டல்லவா போயிருக்க வேண்டும்! என் தலைப்பை ஏப்பம் என்று சொல்லிச் சொல்லியே, தன் தலைப்பை ஏப்பம் விட்டுவிட்டார் நடுவர் அவர்களே! (மூன்றாவது வரிசை ஐயா இப்போது உட்கார்ந்தேதான் தட்டுகிறார். பரவாயில்லை, ஏற்றுக்கொள்கிறேன்.)

கொஞ்சம் சரித்திரமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவர் மதிப்பெண் போடமாட்டார். 1895 டிசம்பர் 28, பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். 10 படம், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. முதல் நாள் காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சில வாரத்தில் வாசலில் வரிசை நின்றது. இழுத்து வந்தது யார்? அந்த 33 பேரின் வாய்! 1954இல் வீணை எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். அன்றைக்கு ஓடவில்லை. இன்றைக்கும் நாம் பேசுகிறோம். 1994இல் வந்த ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ முதல் சுற்றில் போட்ட காசைக்கூட எடுக்கவில்லை. 7 ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றும் கைக்கு வரவில்லை. வீடியோ கேசட்டில் பார்த்தவர்கள் “நீ இன்னும் பாக்கலையா?” என்று ஒருவரையொருவர் விரட்டி விரட்டி, ரசிகர்கள் மார்க் போடும் ஐஎம்டிபி இணையதளத்தின் பட்டியலில் பல வருஷமாக முதலிடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். கையில் கேசட்டோடு ஒருவன் நம் முகத்துக்கு நேரே அப்படிக் கேட்டால் தப்பிக்க முடியுமா?

எதிரணி அம்மா ஒருவர், “இப்போது எங்கே பேசுகிறார்கள், எல்லாரும் மார்க் போடுகிறார்கள்” என்றார். அது நியாயம். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் நூற்றுக்கு 60 விமர்சகராவது ‘தேறும்’ என்றால் சிவப்புத் தக்காளி கிடைக்கும். பாருங்கள், அது படம் வாங்கிய மார்க் இல்லை, ஆட்களின் எண்ணிக்கை. நூறு பேரும் “ஏதோ பரவாயில்லை” என்று கொட்டாவி விட்டாலும் நூற்றுக்கு நூறுதான்! எண்ணைப் பார்த்தால் என்ன தெரியும்? வாயைத் திறந்து கேட்டால்தானே யார் கொட்டாவி விட்டார், யார் கண்ணைத் துடைத்தார் என்று தெரியும். அம்மா, நீங்கள் எங்கள் அணிக்குத்தான் பேசினீர்கள். நன்றி.

நடுவர் மணியில் கை வைக்கிறார். முடித்துவிடுகிறேன்.

பெரியப்பாவுக்குக் கடைசி ஆறேழு வருஷம் இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்விட்டது. படத்துக்குப் போவது நின்றது. டிவி சத்தம் கேட்டால்கூட நிறுத்தச் சொல்லிவிடுவார். ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “கடைசியா என்னடா படம் பாத்த?” என்று கேட்டார்.

நானும் எல்லாரையும் போலச் சொன்னேன்: “நல்லாத்தான் இருந்துது பெரியப்பா. ஒரு தடவை பாக்கலாம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அவ்வளவுதானா?” என்றார்.

நடுவர் அவர்களே, நான் கைப்பேசியை அணைத்தேன். அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். “இருட்டு...” என்று ஆரம்பித்தேன். அந்த மனிதர் தலையைத் தூக்கினார். எழுத்துப் போடும் இசையை வாயாலேயே வாசித்தேன், அபஸ்வரமாகத்தான். ஒரு பெரிய கட்டிடம், பன்னிரண்டாம் மாடி, ஒரு கிழவர், பேசாத மகன். படம் முழுக்க ஒரே வீட்டுக்குள். சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது. சொல்லிக்கொண்டே வந்தேன். கிழவர் கதவைத் திறக்க முடியாமல் உள்ளே தவிக்கிற இடம் வந்தது. பேச்சை நிறுத்தினேன். கட்டில் சட்டத்தில் விரலால் தட்டினேன்.

டக்டக்... டக்டக்...

பெரியப்பா என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து வழிகிறது, வாய் சிரிக்கிறது. “பன்னிரண்டாம் மாடிக்குக் குதிரை எப்படிடா ஏறுச்சு?” என்றார்.

“நான் பாத்த பிரிண்ட்ல ஏறுச்சு பெரியப்பா” என்றேன்.

வணக்கம்.