சொகர்ரோன்னா என்ன? ஒரு ஸ்பானிஷ் சந்தேகம்

தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருக்காங்க, ஸ்பானிஷ்ல ‘இரோனிகோ’ன்னாலும் ‘சொகர்ரோன்’னாலும் ஒண்ணுதானே சார், எதுக்கு ரெண்டு வார்த்தைன்னு. பார்த்ததுலேர்ந்து எனக்கு வேற வேலையே ஓடல, அவ்ளோ புடிச்ச வார்த்தை இது.

ஒண்ணு இல்லம்மா. இரோனிகோ, அதாவது இங்கிலீஷ்ல ‘ஐரானிக்’, அத ஆளுக்கும் சொல்லலாம், நடந்த விஷயத்துக்கும் சொல்லலாம். தீயணைப்பு நிலையமே தீப்புடிச்சா அது இரோனிகோ. அத சொகர்ரோன்னு சொல்ல முடியாது. அது ஆளுக்கு, அந்த ஆளோட சிரிப்புக்கு, குரலுக்கு. ‘சொன்ரிசா’, அதாவது புன்னகை, பெண்பால் வார்த்தைங்கிறதால ‘சொன்ரிசா சொகர்ரோனா’ன்னு வரும். மூஞ்சில ஒண்ணும் காட்டாம உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே ஒரு வார்த்தைய விடுவாங்க பாருங்க, நம்ம ஊமைக்குசும்பு, கிட்டத்தட்ட அதேதான்.

நான் எப்பவும் சொல்றதுதான், வார்த்தைய அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போங்க. ‘சொகர்ரார்’னா மேலாப்புல லேசாக் கருக்குறது. ஸ்பெயினோட வலென்சியாப் பக்கத்துச் சோறு பாயேயா, அந்த வீடியோல பார்த்தோமே, வலென்சியாக்காரங்க சட்டி அடியில புடிக்கிற காந்தலுக்கு ‘சொகர்ரத்’னு சொல்றாங்க, அதே குடும்பம்தான். கடைசியில தீயக் கூட்டுவாங்க, சடசடன்னு சத்தம் வரும், மேல பார்த்தா சோறு சாதுவா இருக்கும், அடியில பொன்னிறமாக் காந்தியிருக்கும். குத்தலாப் பேசுறதுக்கு இன்னொரு வார்த்தை ‘சார்காஸ்திகோ’. அதுக்கு மூலமான கிரேக்க வார்த்தைக்கு சதையக் கிழிக்கிறதுன்னு அர்த்தம். அது கிழிக்கும், சொகர்ரோன் லேசாச் சுடும். திரும்பச் சொல்றேன், அது கிழிக்கும், இது லேசாச் சுடும்.

வலென்சியா பக்கத்துல அல்புஃபேரா ஏரி இருக்கு, அங்க ஒரு வீட்ல சாப்பிடப் போயிருந்தேன், சுத்தி நெல்வயலு. பேரன் ஒரு மணி நேரம் லேட்டா வர்றான். தாத்தா நிமிர்ந்து பார்த்து, ‘எதுக்குடா இவ்ளோ அவசரம், அரிசி இன்னும் வயல்லதான் நிக்குது’ங்கிறாரு, மூஞ்சில ஒரு சுருக்கம் மாறல. மருமக ‘சொகர்ரோன்!’னு ஒரு அதட்டுப் போட்டுட்டு, கரண்டியால காந்தலச் சுரண்டி அவருக்குத்தான் முதல்ல வெச்சாங்க.

இது பாராட்டா திட்டான்னு நீங்க கேட்டிருக்கணும், எனக்கு அந்த ஆசை. வீட்டாளுங்களச் சொன்னா செல்லம், பழகாதவங்களச் சொல்லிடாதீங்க, ஏன்னா இதுல கொஞ்சம் சூதும் இருக்கு. செர்வாந்தேஸ் எழுதின ஸ்பானிஷ் நாவல் ‘டான் கிஹோத்தே’, அதோட நாயகன் பேரும் அதேதான். 1615ல வந்த அதோட ரெண்டாம் பாகத்துல சான்சோன் கர்ராஸ்கோன்னு ஒரு படிச்ச பையன், பேருதான் சான்சோன், பைபிள்ல வர்ற பலசாலி சிம்சோன் பேரு, உடம்பு அப்படியொண்ணும் பெருசில்ல, ஆனா பெரிய சொகர்ரோன்னு செர்வாந்தேஸ் எழுதுறாரு. வந்ததும் வராததுமா டான் கிஹோத்தே முன்னாடி மண்டி போட்டு, உங்க கையக் கொடுங்க சாமிங்கிறான். அவரும் அவன எழுப்பி விட்டு, என்னப் பத்திப் புத்தகம் வந்திருக்காமே, நெசமாங்கிறாரு.