ராத்திரி 2 மணிக்கு எந்த மாமா வருவார்?

நடுவர் அவர்களே, கஷ்ட காலத்தில் கைகொடுப்பவை புத்தகங்களே என்று பேச வந்திருக்கிறேன். மனிதர்களே என்று முழங்கிய எதிரணித் தலைவர், "புத்தகம் கஞ்சி காய்ச்சித் தருமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். தராது ஐயா. கஞ்சி எங்கள் அத்தைதான் தூக்குவாளியில் கொண்டுவந்தார், அதை மறந்தால் எனக்குச் சோறு கிடைக்காது. ஆனால் அத்தை ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் வருகிற ராத்திரியை.

நான்கு வருடத்துக்கு முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, கால் இரண்டும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. ஐ.சி.யூ. வாசலில் பெட்ஷீட் விரித்துப் பதினோரு நாள் கிடந்தேன். உள்ளே விடுவது நாளைக்குப் பத்து நிமிஷம். பார்க்க வந்த மனிதர்களுக்குக் குறைவே இல்லை. வந்த ஒவ்வொருவரிடமும் ஹார்லிக்ஸை வாங்கிக்கொண்டு, "காலையில் பல் தேய்க்கும்போது..." என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முடித்ததும், "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போட்டாரா? முன்னாடியே பார்த்திருக்கலாமே?" மாமா ஒருவர், இதே வியாதியில் போய்ச்சேர்ந்த மூன்று பேரின் வரலாற்றை நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டு, "தைரியமா இரு" என்று எழுந்து போனார். இதற்குப் பெயர் கைகொடுப்பதா?

அப்பாவின் துணிப்பையில் கிளை நூலகத்துச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று கிடந்தது, பாதியில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். பிடித்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக டிக் போடுவது அப்பாவின் கெட்ட பழக்கம், நூலகரிடம் திட்டு வாங்கியும் திருந்தவில்லை. தூக்கம் வராமல் புரட்டினேன். ஒரு மாமியார் சண்டைக்கு ஒரு டிக். ஒழுகும் கூரைக்கடியில் பாத்திரம் வைக்கிற வரிக்கு இரண்டு டிக். எங்கள் பழைய வீடும் அப்படித்தான் ஒழுகும், ஆனால் அப்பா ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வாய் கோணிப் படுத்திருக்கிற மனிதர், இந்தப் பக்கம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். டிக்கெட் இருந்த பக்கம் வந்ததும் மூடிவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன். அதைத் தாண்ட மனசு வரவில்லை.

"அப்போ உன்னோடு பேசியதும் மனிதர்தானே?" என்று எதிரணி எழுந்திருக்கும். சரி, மனிதர்தான். பேச்சு போன மனிதரை என்னிடம் கொண்டுவந்தது எது?

என் வீட்டு சென்டிமென்ட் என்று தள்ளுபவர்கள் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறைக்கு வாருங்கள். சன்னி வெங்கடரத்தினம் என்ற தென்னாப்பிரிக்க இந்தியர் அங்கே அரசியல் கைதி. ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பைக் காவலர்கள் பிடுங்கிவிடாமல் இருக்க, அட்டையில் சாமி படம் போட்ட தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, வேதப் புத்தகம் என்று சொல்லி வைத்துக்கொண்டார். நம் வீட்டுப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்குள் வேறொன்றை ஒளித்துப் படிப்பதற்கு அண்ணன் வேலை இது. அந்தப் புத்தகம் கை மாறிப் போனது. 30 பேருக்கு மேல் தங்களுக்குப் பிடித்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மண்டேலா 1977 டிசம்பர் 16 என்று தேதியோடு போட்டது ஜூலியஸ் சீசர் நாடகத்தில், கோழைகள் சாவுக்கு முன்பே பலமுறை சாகிறார்கள் என்று வருகிற இடத்தில். அங்கே மனிதர்களுக்கா பஞ்சம்? உயிரைக் கொடுக்கிற தோழர்களே பக்கத்தில் இருந்தார்கள். இருந்தும், மனசில் கிடந்ததைக் காட்ட ஒரு புத்தகத்தின் ஓரம் வேண்டியிருந்தது.

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார், இதோ முடித்துவிடுகிறேன். அப்பாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு, பஸ் டிக்கெட் இருந்த பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூன்றாவது நாள், ஒரு வரியில் என்னை நிறுத்தச் சொல்லி இடது கையை ஆட்டினார். தண்ணீரா என்றேன், இல்லை. நர்ஸைக் கூப்பிடவா, இல்லை. விரலை மடக்கிக் காற்றில் ஒரு கோடு இழுத்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம் பென்சில் வாங்கிக் கையில் செருகினேன். டிக் கோணலாக விழுந்து அடுத்த வரிவரைக்கும் போனது. கெடு தேதி தாண்டி ஒரு மாதம் கழித்துத்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அந்த டிக்கை அழிக்காமல்.