சுண்ணாம்பின் வெள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அதற்கு முந்திய நாள்களில், புல்லைச் செதுக்கிவிட்டுப் பாட்டியின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது சிறுவயதில் என் வேலை. அன்று இரவெல்லாம் விரலிடுக்கு எரியும். அதனாலோ என்னவோ, மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் யூதரின் சட்டம் கற்பித்த வேதபாரகரையும் அதைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பரிசேயரையும் ‘வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள்’ என்று இயேசு கடிந்துகொள்வதை, வெறும் அலங்காரத்தைப் பற்றிய பேச்சாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

எருசலேமில் அந்தச் சுண்ணாம்புக்கு வேறு பயன் இருந்தது. கல்லறையைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டுப்பட்டிருப்பான் என்பது வேதாகமத்தின் எண்ணாகம நூல் சொல்லும் சட்டமாகையால், பஸ்கா பண்டிகைக்கு முந்திய ஆதார் மாதத்தில், வழிப்போக்கர் அறியாமல் மிதித்துவிடாதபடி கல்லறைகளுக்குச் சுண்ணாம்பால் அடையாளமிட்டார்கள். ‘உள்ளே எலும்பு இருக்கிறது, விலகிப் போ’ என்று எச்சரித்த வெள்ளை அது. எச்சரிக்கப் பூசியதே கண்ணுக்கு அழகாகிவிட்டது என்பதுதான் இயேசுவின் சொல்லில் எனக்குக் கேட்கும் குத்தல். பரிசேயரை ஒரேயடியாகக் கெட்டவர்கள் என்று தள்ளிவிடுவதும் நமக்கு வசதியான ஒரு பூச்சுதான்: சீரகத்தில்கூடப் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுத்தவர்கள் அவர்கள்; அதை விட்டுவிடும்படி இயேசுவும் சொல்லவில்லை.

தாவீதைப் பாருங்கள். தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவனையும் போர்முனையில் சாகவிட்ட அரசன், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்ட செல்வனைப் பற்றி தீர்க்கதரிசி நாத்தான் சொன்னதும், அவன் சாகவேண்டும் என்று கொதிக்கிறான். நடிப்பில்லை, உண்மையான கோபம். பிறர் பாவத்தின்மேல் வருகிற உண்மையான கோபத்துக்குள்ளேயே ஒரு மனிதன் தன் பாவத்தை மறைத்துக்கொள்ள முடிகிறது. ‘நீயே அந்த மனுஷன்’ என்று தீர்க்கதரிசி சொல்லவேண்டியிருந்தது.

அதன்பின் பிறந்ததாகச் சொல்லப்படும் 51ஆம் சங்கீதம் என்னும் வேதாகமப் பாடலில் தாவீது முதலில் ‘என்னைக் கழுவும்’ என்கிறான். ஈசோப்பு என்னும் செடியினால் சுத்திகரிக்கும்படி கேட்கிறான். பத்தாம் வசனத்தில் வேண்டுதல் மாறிவிடுகிறது: ‘சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்.’ எபிரேயத்தில் அங்கே நிற்பது, தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார் என்னும் ஆதியாகமத்தின் முதல் வசனத்து வினைச்சொல்லே. இருக்கிற இருதயத்தைத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை என்று கண்டுகொண்டவனின் வாய்ச்சொல் அது.

அந்தச் சங்கீதத்தின் தலைப்பைப் பலரும் வாசிக்காமல் கடந்துபோகிறோம். பத்சேபாளின் பெயரும் நாத்தானின் வருகையும் அதில் மறைக்கப்படவில்லை. அதைப் பாடி, பாடகர்களை நடத்துகிற ‘இராகத்தலைவனுக்கு ஒப்புவித்தான்’ என்றும் இருக்கிறது.




ஆலயத்தில் எல்லாரும் பாடுவதற்காக.